பாகூர்ப் பங்குத் தண்ணீர்

கண்ணையனுக்கு என்ன வேலை என்று கேட்டால் பாகூரில் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. "பிரெஞ்சு சர்க்காருக்குத் தண்ணி பாக்கறாரு" என்பார்கள். தண்ணீரைப் பார்க்க ஒரு ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எட்டு மைல் தள்ளி, ஈ காக்கை இல்லாத இடத்தில் பதினெட்டு வருஷம் தனியாக உட்கார்ந்து பார்த்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

விஷயம் இதுதான். பாகூர் ஏரி பிரெஞ்சுக்காரன் எல்லையில் இருக்கிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் பிரிகிற பெண்ணையாற்று அணைக்கட்டோ இங்கிலீஷ்காரன் எல்லையில். அணையில் இரண்டு மதகுகள். ஒன்று இங்கிலீஷ்காரன் ஊர்களுக்கு, இன்னொன்று பாகூர் வாய்க்காலுக்கு. யாருக்கு எவ்வளவு என்று வருஷா வருஷம் மண்டை உடைந்துகொண்டிருந்ததால் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. பாகூர் மதகுக்குக் கீழே வாய்க்காலின் இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிராக இரண்டு அளவுக்கல் பதித்தார்கள். இங்கிலீஷ்காரன் கல்லில் அடியும் அங்குலமும். பிரெஞ்சுக்காரன் கல்லில் மீட்டர். ஒரே தண்ணீரை இரண்டு கல்லில் அளக்கிற கூத்து உலகத்தில் வேறு எங்கே நடக்குமோ தெரியாது. தை முடிகிறவரை பாகூர் வாய்க்காலில் தண்ணீர் எழுபது சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்பது பேச்சு. மதகை அடைக்கிற பலகையை ஏற்றி இறக்குவது இங்கிலீஷ்காரன் ஆள். எழுபது நிற்கிறதா என்று பார்ப்பது பிரெஞ்சுக்காரன் ஆள். அந்த ஆள்தான் கண்ணையன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒப்பந்தத்தைத் தமிழில் ஒரு தடவை படித்துக் காட்டினார்கள். நீளமாகத்தான் இருந்தது. அதில் கண்ணையனுக்கு வேண்டியது மூன்றே வார்த்தை. பார்க்கலாம், எழுதலாம், தொடக்கூடாது. மதகையும் தொடக்கூடாது, பலகையையும் தொடக்கூடாது, வாய்க்காலில் இறங்கவும் கூடாது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கல்லைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எதிர்க்கரையில் இங்கிலீஷ்காரன் ஆளும் தன் கல்லைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதுவான். பிறகு இரண்டு பேரும் நோட்டை மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இவருக்கு அடி, அங்குலம் தெரியாது. அவனுக்கு மீட்டர் தெரியாது. ஆனாலும் கையெழுத்து ஒரு நாள் தவறியதில்லை.

கண்ணையனைப் போல ஒரு கண்டிப்புக்காரரைப் பார்க்க முடியாது. மழை கொட்டினாலும் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு, படியில் மண்டியிட்டு, மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துத்தான் எழுதுவார். அறுபத்தொன்பது என்றால் அறுபத்தொன்பதுதான். "ஒரு கோடு கொறையுது, பலகையத் தூக்கு" என்று எதிர்க்கரைக்குக் குரல் கொடுப்பார். அவன் தூக்கினால்தான் எழுதுவார். இல்லாததை எழுதியதாக இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒருத்தர் விரல் நீட்டியது கிடையாது.

சர்க்கார் அவருக்கு ஒரு பனையோலைக் குடிசை போட்டுக் கொடுத்திருந்தது. குடிசை பிரெஞ்சுக்காரனுடையது, குடிசை நிற்கிற மண் இங்கிலீஷ்காரனுடையது. பக்கத்து ஊர்க்காரர்கள் அவரை ஆளாகவே மதித்ததில்லை. நம் ஆற்றுத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போக உட்கார்த்தி வைத்திருக்கிற ஆள்தானே என்று, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடைக்குப் போனால் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் இவருக்குக் கொடுப்பார்கள். எப்போதாவது ஒருவன் சிரித்துக்கொண்டே குடிசைக்கு வந்து, "இன்னா அண்ணே, நல்லா கீறியா?" என்று குசலம் விசாரித்தால் கண்ணையனுக்கு மனசு பொங்கிவிடும். உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார். மோரைக் குடித்துவிட்டு அவன் மெள்ள ஆரம்பிப்பான். "ஊருக்குப் போனா நம்ம பிரெஞ்சு சரக்கு ஒரு பாட்டில் கொண்டாருவியா?" அவ்வளவுதான், வந்த காரியம். இல்லை என்றதும் அவன் போய்விடுவான். மோர்ச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இவர் மறுபடியும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பேச்சுத்துணை என்று இருந்தது தணிகைவேல் ஒருவன். இங்கிலீஷ்காரன் ஆள், பலகை ஏற்றி இறக்குகிற லஸ்கர். கண்ணையனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். பெண்டாட்டி பிள்ளைகளோடு பக்கத்து ஊரிலேயே இருந்தான். இரண்டு சர்க்கார் ஆட்களும் ஒட்டி உறவாடக் கூடாது என்று அவனுடைய மேலதிகாரிகள் எச்சரித்து வைத்திருந்தார்கள். அதனால் யாரும் இல்லாதபோது "அண்ணே" என்பான். ஓவர்சியர் வந்துவிட்டால் "பிரெஞ்சு ஆளு" என்பான். கண்ணையனுக்கு அதில் வருத்தம் இல்லை. காலையில் நோட்டு மாற்றும்போது நாலு வார்த்தை, மாலையில் நாலு வார்த்தை. அந்த எட்டு வார்த்தைக்காக அவர் மற்ற நேரமெல்லாம் காத்துக்கொண்டிருந்தார் என்றால் யாராவது நம்புவார்களா?

வீட்டில் காசம்மாள் இருந்தாள். பிள்ளை இல்லை. பாகூரில் அரைக் காணி நிலமும் ஒரு மாடும். அவளை அணைக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று முதல் இரண்டு வருஷம் கண்ணையன் கெஞ்சிப் பார்த்தார். "நெலத்த யாரு பாப்பா? ஒன் அளவுக்கல்லா பாக்கும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவள் சொன்னதும் நியாயந்தான். மாசம் ஒரு அமாவாசைக்குக் காலைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்து வருவார். ராத்திரி தங்கி, விடிவதற்குள் கிளம்பி ஆறு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். அன்று மாலைக் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்க சர்க்கார் பெரிய மனசு பண்ணியிருந்தது. ஆக, கல்யாணமாகி வாழ்ந்தது வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள். கூட்டிப் பார்த்தால் பதினெட்டு வருஷத்தில் ஒரு வருஷம்கூடத் தேறாது. வருகிற பங்குனியோடு வேலை முடிகிறது, வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். தனக்கு மட்டும் ஒரு கை அரிசி போட்டுப் பொங்கித் தின்கிற சனியன் அன்றோடு ஒழிந்தது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷத்துக்குப் பேர் வெகுதானியம். பேரைக் கேட்டால் களஞ்சியம் வழியும் போலிருக்கும். ஐப்பசியில் நாலு நாள் பேய் மழை பெய்து ஆற்றில் வெள்ளம் புரண்டது. அதோடு சரி. கார்த்திகையில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. மார்கழி பிறந்தபோது பாகூர் வயலில் சம்பா கதிர் வாங்கி நின்றது. ஏரியில் முழங்கால் தண்ணீர். இனி வாய்க்காலில் வருவதுதான் உயிர். ஆற்றில் போதுமான தண்ணீர் இருந்தது, மதகில் எழுபது நின்றது, கண்ணையன் காலையும் மாலையும் எழுபது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

மார்கழி அமாவாசைக்கு ஊருக்கு வந்தவரை ஏரிக்கரையிலேயே மறித்துக்கொண்டார்கள். முப்பது நாற்பது பேர். முன்னால் பலராமன். ஊரிலேயே அதிக நிலம் அவருக்குத்தான், வாயும் அவருக்குத்தான்.

"வாய்யா எழுபது" என்றார் பலராமன்.

கண்ணையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாங்க?" என்று கேட்டார்.

"ஏரிக்குள்ள எறங்கிப் பாருய்யா. வாய்க்கால்ல வர்றது தண்ணியா, மாட்டு மூத்திரமா? போன வருசம் இந்நேரம் இடுப்பளவு பாஞ்சுது. தண்ணி வரலன்னு போய் சர்க்கார்ல கேட்டா, ஒங்க ஆளே தெனம் எழுபதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கானே, அப்பறம் இன்னா கேக்க வந்தீங்கன்னு புஸ்தகத்தத் தூக்கிக் காட்டறாங்க. பூரா ஒன் கையெழுத்து. எங்க வாயில ஒன் கையாலயே மண்ணப் போட்டுட்டியே!"

"எழுபது நிக்குதுங்க. நான் குனிஞ்சு பாத்துத்தான் எழுதறேன்."

"நிக்கற தண்ணி வழியில ஆவியாப் போச்சா?"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். "இங்கிலீசுக்காரங்கிட்ட வித்துட்டான்யா! வாங்கித் தின்னுட்டான்!"

அந்தச் சொல் விழுந்ததும் கண்ணையனுக்குக் காது அடைத்துப்போயிற்று. பதினெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை பேசிய மனுஷன் நாற்பது பேருக்கு எப்படிப் பதில் சொல்வார்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

காசம்மாள் வாசலில் நின்றிருந்தாள். தோள் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. ஏரிப் பள்ளத்திலிருந்து குடத்தில் மொண்டு மொண்டு வயலுக்கு ஊற்றியிருக்கிறாள். அரைக் காணியைக் குடத்தால் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், பைத்தியக்காரி.

"அந்தப் புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டது நீதானா?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

"அப்ப எழுபது வந்துதா?"

"வந்துது."

"வந்த தண்ணி எங்கய்யா?"

கண்ணையன் அவளுடைய முகத்தையும் தோளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதில் தெரிஞ்சப்பறம் வா. இல்லன்னா வராதயே இரு. கொளத்துக்குப் போனா பொம்பளைங்க எழுந்து போறாளுங்க. தண்ணிய வித்தவன் பொண்டாட்டியாம். இந்தப் பேரோட ஒன்ன உள்ள சேத்துகினு என்னால இங்க குடியிருக்க முடியாது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. இவர் கதவைத் தட்டவில்லை. வந்த வழியே எட்டு மைல் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலையும் எழுபதுதான் நின்றது. கண்ணையன் இரண்டு தடவை குனிந்து பார்த்தார், மூன்றாம் தடவை விரலால் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். எழுபது. தணிகைவேலின் நோட்டில் நேற்றைய தேதிக்கு நேரே கையெழுத்துப் போடப் போனார். "இன்னா அண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று அவன் கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் சரியான இடத்தில் போட்டார்.

அவன் போன பிறகு வேப்பங்குச்சியால் பல் துலக்கிவிட்டுக் குச்சியை வாய்க்காலில் எறிந்தார். சொம்பிலிருந்த தண்ணீரில் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எறிந்த குச்சி பத்தடிகூடப் போகாமல் அங்கேயே மிதந்துகொண்டிருந்தது. கண்ணையன் துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது நிற்கிற தண்ணீரில் எறிந்த குச்சி, வாயைக் கொப்பளிப்பதற்குள் வளைவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். போன வருஷமெல்லாம் அப்படித்தான் போயிற்று.

குச்சியோடு கூடவே கரையில் நடந்தார். நடந்தார் என்பதுகூடப் பொய், நின்று நின்று போனார். இருநூறு அடி தள்ளி வாய்க்கால் வளைகிற இடத்தில் குச்சி தயங்கிச் சுற்றிக்கொண்டு நின்றது. கையிலிருந்த தடியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். இடுப்பளவு இறங்க வேண்டிய தடி முழங்காலளவு இறங்கி, சொத்தென்று மணலில் குத்திக்கொண்டது. கரையோடு தடியை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டே போனார். அறுபது எழுபது அடி நீளத்துக்குத் தண்ணீருக்கு அடியில் மணல் மேடு. ஐப்பசி வெள்ளம் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மேடு தடுப்பதால் மதகண்டை தண்ணீர் தேங்கி எழுபது நிற்கிறது. நிற்கிறதே தவிர போகவில்லை.

கண்ணையன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஐயோ, இரண்டு மாசம்! காலையும் மாலையும் கல்லைப் பார்த்தாரே ஒழிய, ஒரு நாளாவது தண்ணீரைப் பார்த்தாரா? ஊருக்கு நடந்த எட்டு மைலிலும் வீட்டு நினைப்பில் வாய்க்காலைக் கவனிக்கவில்லையே. தண்ணீர் பார்க்கிற வேலைக்கு வந்து, தண்ணீரைப் பார்க்காமல் விட்டுவிட்ட முட்டாள்தனத்தை எண்ணித் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு குழந்தை குளிக்க இறங்கியிருந்தால்கூடச் சொல்லியிருக்கும்.

மாலையில் தணிகைவேலை அழைத்துப்போய்க் காட்டினார். அவனும் தடியை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"எழுதிப் போடறேன் அண்ணே. ஓவர்சியருக்குப் போவும். அவரு கடலூருக்கு எழுதுவாரு. அங்கேருந்து பட்டணம், பட்டணத்துலேருந்து புதுச்சேரி. அப்பறம் ரெண்டு சர்க்கார் எஞ்சினீருங்களும் சேந்து வந்து பாத்து, வாரறதுக்கு உத்தரவு போடணும். பங்குனிக்குள்ள வந்துடுவாங்கோ."

"பங்குனிக்கு வைக்கோல்கூட மிஞ்சாதுடா தணிகை."

"நீ சொல்றது நெசந்தான். நானே எறங்கி வாரிடுவேன். ஆனா உத்தரவு இல்லாம பிரெஞ்சு வாய்க்கால்ல மண்வெட்டி வெச்சேன்னா என் வேல போயிடும், மூணு புள்ளைங்க இருக்குது." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒன்ன யாரு எறங்கச் சொன்னது?" என்றார் கண்ணையன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை எழுபது என்று எழுதி, கையெழுத்து மாற்றிக்கொண்ட கையோடு, குடிசைக்குப் பின்னால் கீரைப்பாத்திக்கு வைத்திருந்த மண்வெட்டியையும் ஒரு கூடையையும் எடுத்துக்கொண்டு போனார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். மார்கழித் தண்ணீர் எலும்பில் ஏறியது. பதினெட்டு வருஷமாகத் தொடக்கூடாது என்றிருந்த தண்ணீர். முதல் வெட்டு வெட்டும்போது யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள் என்றுகூட எதிர்பார்த்தார். யாரும் வரவில்லை. யார் வரப்போகிறார்கள் அங்கே?

தணிகைவேல் கரையில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, நான் இத ரிப்போர்ட் எழுதியாவணும்" என்றான்.

"எழுது. ஒன் வேல அதான்."

"இன்னைக்கே எழுதிடறேன். ஆனா தபால் வெள்ளிக்கெழமதான் போவும்." கண்ணையன் தண்ணீருக்குள்ளேயே நின்று மணலை வெட்டிக் கூடையில் வாரி, கரையேறிக் கொட்டிவிட்டு மறுபடி இறங்கினார். முழு மேட்டையும் ஒரு ஆள் வார முடியாது. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி வெட்டிவிட்டால் மிச்சத்தைத் தண்ணீரே அரித்துக்கொண்டு போகும் என்று கணக்கு. சாயங்காலம் கரையேறி, ஈர வேட்டியோடு கல்லைப் பார்த்து எழுதுவார். விரலிடுக்கெல்லாம் புண். கஞ்சி காய்ச்சத் தெம்பு இல்லாமல் பச்சை அரிசியை ஊறவைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார். ஐம்பது வயதுக்கு இரண்டு குறைவு, அந்த உடம்பால் எவ்வளவு முடியும்?

புதன்கிழமை மத்தியானம் தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. காலுக்கடியில் மணல் சரசரவென்று நழுவி ஓடியது. கண்ணையன் நின்ற நிலையிலேயே வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலை கல்லில் அறுபத்திரண்டுதான் நின்றது.

"எட்டுக் கோடு கொறையுது, பலகையத் தூக்கு" என்று எதிர்க்கரைக்குக் குரல் கொடுத்தார்.

தணிகைவேல் தன் கல்லைப் பார்த்தான். அவன் கல்லிலும் குறைந்துதான் இருந்தது. "அளவுக்குக் கொண்டாரணும், அதான என் வேல" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பலகையைத் தூக்கினான். வேறு யாருக்குச் சொன்னானோ, அங்கே யாரும் இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அப்படியே. கண்ணையன் மணலைத் தள்ளத் தள்ளக் கல்லில் இறங்கியது, இறங்க இறங்க அவன் பலகையை ஏற்றினான். வெள்ளிக்கிழமை மாலை எழுபது நின்றது, எறிந்த குச்சி கண்ணுக்குத் தெரியாமல் ஓடிப்போயிற்று. ரிப்போர்ட்டும் தபாலில் போயிற்று.

சனிக்கிழமையே ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். கரையில் குவிந்திருந்த மணலைப் பார்த்ததும் அவருக்கு மூக்கு விடைத்தது.

"யாரைக் கேட்டுய்யா வாய்க்கால்ல எறங்கன?"

"யாரையும் கேக்கலிங்க."

"ஒப்பந்தம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்க. பதினெட்டு வருசமாத் தெரியும்."

"தெரிஞ்சே மண்வெட்டி வெச்சியா? இது ரெண்டு ராஜ்ஜியத்து விவகாரம்யா. ஒன் கீரைப்பாத்தின்னு நெனச்சியா?"

புதுச்சேரிக்குத் தந்தி போயிற்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒப்பந்தத்தை மீறிய ஆளை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறது, வேறு ஆள் வருவான், நடந்ததற்கு வருந்துகிறோம். பங்குனி வரைக்கும் பொறுத்திருந்தால் மரியாதையாகப் போயிருக்கலாம். வேலை முடிந்த பிறகு வரவேண்டிய உபகாரச் சம்பளமும் இனி கிடையாது. கண்ணையனுக்குக் காசம்மாளிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது, அது போதும் என்றிருந்தார்.

கிளம்புகிற அன்று காலை ஆறு மணிக்குப் பழக்கதோஷத்தில் கல்லண்டை போய்விட்டார். தணிகைவேலும் பழக்கதோஷத்தில் நோட்டை நீட்டிவிட்டு, உடனே பின்னால் இழுத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் கூச்சமாகப் போயிற்று.

"அண்ணே, ரிப்போர்ட்ல இருக்கறத இருக்கற மாதிரிதான் எழுதியிருக்கேன். மணல் மேடு இருந்துது, ஒண்டி ஆளா அஞ்சு நாளு வாரினாருன்னு எழுதியிருக்கேன். ஊர்ல யாராவது கேட்டா அத எடுத்துப் பாக்கச் சொல்லு."

"சொல்றேன்" என்றார் கண்ணையன். பாருங்கள், அவர் மேல் எழுதிய குற்றந்தான் அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதுவும் அடுத்த ராஜ்ஜியத்துச் சர்க்கார் கச்சேரியில் காகிதக் கட்டோடு கட்டிப் போட்டிருக்கிறது. தணிகைவேல் வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தான். தூரத்தில் சைக்கிள் மணி கேட்டதும் நகர்ந்துவிட்டான்.

எட்டு மைலும் தண்ணீர் கூடவே வந்தது. கரை ததும்ப, நுரையும் சருகுமாகத் திமுதிமுவென்று ஓடியது. கண்ணையன் அதைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்தார். பசி தெரியவில்லை, கைப்புண் தெரியவில்லை. ஊருக்குள் எல்லாரிடமும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். மதகுக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பலராமன் கழுத்தில் சாமந்தி மாலை. இரண்டாம் தடவையும் நாற்பது கைரேகையோடு புதுச்சேரிக்கு மனு கொண்டுபோயிருந்தாராம். மனு போன நாலாம் நாள் தண்ணீர் வந்துவிட்டதாம்.

"பாருங்கய்யா வந்துட்டாரு!" என்றார் பலராமன். "இன்னாய்யா, போட்ட சத்தத்துல பயந்து தொறந்து வுட்டியா? மனு போட்டதும் வர்ற தண்ணி அதுக்கு முன்னால வரலயே, எவன்யா அடைச்சு வெச்சிருந்தது?"

"மணலுங்க. வளைவுல மணல் மேடா..."

"மணலாம்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்தது. "பதினெட்டு வருசமா வராத மணலு இப்ப வந்துதா?" "வேலய வுட்டுத் தூக்கிட்டாங்களாமே, சும்மாவா தூக்குவாங்க?" ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணையன் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னார். இங்கிலீஷ்காரன் கச்சேரியில் இருக்கிற காகிதத்தை எவன் போய்ப் பார்ப்பான் என்றார்கள். தண்ணீர் வராதபோது சந்தேகம்தான் இருந்தது. தண்ணீர் வந்ததும் அது நிச்சயமாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீரே அவர் மேல் சாட்சி சொல்லிவிட்டது.

காசம்மாள் கதவைத் திறந்தாள். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. இலை போட்டுச் சோறு வைத்தாள். கண்ணையன் புண்ணான விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குச்சி எறிந்தது, மணல், ஐந்து நாள், தணிகைவேல் பலகை தூக்கியது, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"மணலு இருந்துது, நீ வாரன, சரி. கையப் பாத்தாலே தெரியுது. ஆனா பதினெட்டு வருசமா தண்ணியவே பாத்துகினு இருக்கற மனுசனுக்கு, ரெண்டு மாசமா தண்ணி ஓடலன்றது தெரியாமப் போச்சா? அத நான் நம்பணுமாய்யா?"

கண்ணையன் வாயைத் திறந்தார். தெரியாமல்தான் போயிற்று. அதைவிட உண்மை அவரிடம் வேறு இல்லை. அந்த உண்மையைத் தானே நம்ப முடியாமல்தான் அன்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ந்தா பாருய்யா" என்றாள் காசம்மாள். குரல் தணிந்திருந்தது. "தப்பு செஞ்சிட்டன்னா சொல்லிடு. தனியா கெடந்த மனுசன், எவனோ ஆச காட்டியிருப்பான். அப்பறம் மனசு கேக்காம நீயே வாரியிருப்ப. நான் வெளிய ஒரு வார்த்த வுட மாட்டேன். ஊரு இன்னா பேசனாலும் ஒன் பக்கம் நிக்கறேன். ஆனா என்கிட்டயும் மறச்சன்னா, என்னால ஒன்னோட ஒரே வூட்ல கெடக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன். வாங்கனியா, இல்லயா?"

அவர் அவளைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். போனால் இனி ஒரு நாளைக்கு எட்டு வார்த்தைகூடக் கிடையாது. எங்கே போவது, எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பது? சோற்றை விழுங்கிக்கொண்டார்.

"வாங்கனேன்" என்றார்.

"எங்க அந்தக் காசு?"

"செலவாயிடிச்சி."

காசம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொன்னியே, அதுவே போதும். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?"

"போடு" என்றார் கண்ணையன்.